கேள்வியை மாற்றிய டாக்டரம்மா

ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். விஜயவாடா லாரியில் கிளீனராகப் போனேன். துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பல் தளத்தோடு சேர்த்துக் கம்பி போட்டு இறுக்கும் லாஷிங் வேலை பார்த்தேன். எதிலும் ஒரு வருடம் தங்கியதில்லை. வேலை பிடிக்காமல் போனதும் உண்டு, வேலைக்கு என்னைப் பிடிக்காமல் போனதும் உண்டு. ராயபுரத்தில் ஒரு மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தபோதுதான் மாடியில் அந்த வேலை கிடைத்தது.

மண்டி முதலாளி தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவர். அவருடைய மகள் பெங்களூரில் பெரிய படிப்பு படித்துவிட்டு வந்து, அப்பாவின் மண்டிக்கு மேலேயே சொந்தமாக ஒரு கிளினிக் போட்டார். தலையில் அடிபட்டவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், வலிப்புக்காரர்கள், இவர்களுக்கு ஞாபகமும் கவனமும் யோசனையும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, எங்கே ஓட்டை விழுந்திருக்கிறது என்று சோதித்துச் சொல்வது அவர் தொழில். மூளை ஸ்கேன் ஓட்டையைக் காட்டும், அந்த ஓட்டை வழியாக எது ஒழுகுகிறது என்பதைக் காட்டாது என்பார். வாசலில் மாட்டியிருந்த போர்டில் அந்தத் தொழிலின் ஆங்கிலப் பெயர் முழு நீளத்துக்கு ஓடியது. எங்கள் ஜனம் அதைப் படிக்கவில்லை. டாக்டரம்மா என்றது.

வந்தவர்களுக்கு முதல் ஏமாற்றம் ஊசி இல்லை என்பது. ஒரு மீன்பாடி வண்டிக்காரர் படியிறங்கும்போது சத்தமாகச் சொன்னார்: “ஊசியும் போடல, மாத்திரையும் குடுக்கல. குந்த வச்சி கேள்வி கேட்டதுக்கு ஃபீஸா? இத்துக்கு போலீஸ் ஸ்டேசனே தேவல. அங்க ஓசியில கேப்பான்.”

இரண்டாவது தொல்லை மிளகாய். கீழே குண்டூர் லோடு இறங்கும் நாட்களில் மேலே யாருடைய ஞாபக சக்தியையும் சோதிக்க முடியாது. சோதிப்பவரும் தும்முவார், சோதிக்கப்படுபவரும் தும்முவார்.

மாடியைப் பெருக்கி, பெஞ்சைத் துடைத்து, மேசையில் அட்டைகளையும் மரக்கட்டைகளையும் அவர் சொல்லும் வரிசையில் எடுத்து வைப்பது என் வேலை. கூடவே இன்னொன்றும் இருந்தது. டாக்டரம்மாவின் தமிழ் எங்கள் ஆட்களுக்குப் பாதி புரியாது. “நான் வாசிக்கிற சொற்களைக் கவனமாகக் கேட்டு, நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்” என்பார். நோயாளி என் முகத்தைப் பார்ப்பார். நான், “மேடம் சொல்றத்த கேட்டுக்க மாமு. அப்பால எதெது நெனப்புல கீதோ, அத்த சொல்லு” என்பேன். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது. “தம்பி, நீ கண்ணைக்கூடச் சிமிட்டப்பிடாது. நீ சிமிட்டினா அது அவர் பதில் இல்ல, உன் பதில்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

செல்போன் மேஸ்திரிகளின் இடுப்பில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஐப்பசி மழையில் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். திருவொற்றியூர்க்காரர்கள். அவர் மாத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க் வண்டி ஓட்டியவர். மூட்டை அடுக்கிய பலகைகளை இரண்டு இரும்புக் கைகளால் தூக்கி லாரியில் வைக்கும் வண்டி. ஒரு நாள் கன்டெய்னர் கதவு திறக்க வரவில்லை என்று இவர் வண்டியை விட்டு இறங்கிக் கை கொடுக்கப் போனார். உள்ளே சரிந்து கிடந்த சரக்கு கதவை உதைத்துத் தள்ளியது. கதவு நெற்றியில் அடித்தது. பெரியாஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்தார். பிழைத்து வந்தார்.

பார்த்தால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் சொல்வீர்கள். வாட்டசாட்டமான ஆள். நடந்தார், சிரித்தார், டீ கேட்டார். தழும்பை முடி மறைத்திருந்தது. மனைவி இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்பவர். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருந்தன. குரல் மட்டும் கடற்கரை ஏலத்தில் நிற்பவருடைய குரல்.

“மேஸ்திரி சொல்லிகீறாரு டாக்டரம்மா. பொங்கலுக்குள்ள தல சரியா கீதுன்னு எழுதி வாங்கினு வந்தா, வண்டி சீட்டு இவருதுதானாம். இப்போ வேற ஒருத்தன் ஓட்டினுகீறான். பொங்கல் தாண்டிச்சின்னா அவனுக்கே பூடும்.”

அவர்களுக்கு வேண்டியது இதுதான், அந்த வண்டியின் சீட்டு. அது போனால் இறால் ஷெட்டை நம்பித்தான் குடும்பம். இறால் வருஷம் முழுக்க வராது.

முதல் நாள் சோதனையில் நான் உள்ளேதான் நின்றேன். டாக்டரம்மா ஒரு சொல்வரிசை வாசித்தார். குடை, வாத்து, சாவி, கரும்பு, ஏணி என்று ஒரு டஜனுக்கு மேல் போகும். வாசித்து முடித்ததும் நோயாளி திருப்பிச் சொல்ல வேண்டும். திரும்ப அதே வரிசை, திரும்பச் சொல்ல வேண்டும். இப்படிப் பல தடவை. ஒவ்வொரு தடவைக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடுகிறதா என்று பார்ப்பார். இவருக்குக் கூடவில்லை. நாலு சொல்லில் நின்றது.

அடுத்தது அட்டைகள். வட்டம், சதுரம், நட்சத்திரம், சிவப்பு, பச்சை, நீலம். இவர் அட்டையை ஏதாவது ஒரு அடுக்கில் வைக்க வேண்டும், டாக்டரம்மா சரி, தப்பு என்று மட்டும் சொல்வார். நிறம் பார்த்து வைத்தால் சரி என்றார். பத்து அட்டை போனதும், சொல்லாமல் கொள்ளாமல் விதியை மாற்றினார். இனி வடிவம் பார்த்து வைத்தால்தான் சரி. நல்ல தலை உள்ளவன் இரண்டு தப்பு வாங்கினதும், ‘ஓகோ, ஆட்டம் மாறிப்போச்சு’ என்று பிடித்துக்கொள்வான். இவர் சிவப்பைச் சிவப்பிலேயே வைத்தார். தப்பு. சிவப்பைச் சிவப்பில். தப்பு. “தப்புதான் மேடம்” என்று அவரே சிரித்தபடி சொல்லிக்கொண்டே மறுபடியும் சிவப்பைச் சிவப்பில் வைத்தார். அட்டைக் கட்டு தீரும் வரை அப்படியே வைத்தார்.

டாக்டரம்மா மனைவியை உள்ளே கூப்பிட்டார். “இப்போ வண்டி ஓட்டக் கூடாதும்மா. அவர் கை நல்லா இருக்கு. ஆனா நிறுத்துன்னா நிறுத்துறது, மாத்துன்னா மாத்துறது, அதுலதான் அடி. வீட்டுல செய்யப் பயிற்சி சொல்லித் தாரேன். பொங்கலுக்கு முன்னால மறுபடி பாப்போம்.”

படியிறங்கும்போது அந்த அக்கா என்னைத் தனியாகப் பிடித்தார். “ஃபெயிலா நைனா?”

“இது பாஸ், ஃபெயில் இல்லக்கா.”

“அப்போ இன்னாத்துக்கு மறுபடி வரச் சொல்றாங்க? பாஸானவன யாரு மறுபடி கூப்புட்றா?”



எங்கள் பக்கத்தில் பரீட்சைக்குப் போகிற விதம் ஒன்று உண்டு. லைசன்சுக்குக் கண் பரிசோதனை என்றால், சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் போர்டை வெளியே டீக்கடையிலேயே புரோக்கர் மனப்பாடம் பண்ண வைத்துவிடுவார். கண் தெரிகிறவனும் ஒப்பிப்பான், தெரியாதவனும் ஒப்பிப்பான். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, அந்தப் போர்டு மட்டும் தலைகீழாகத் தெரியும். அதில் திருட்டுத்தனம் ஒன்றும் இருப்பதாக யாரும் நினைத்ததில்லை. உள்ளே கேட்கப்போவது என்னவென்று தெரிந்துகொண்டு போகாதவன் பைத்தியக்காரன். ஃபோர்க் ஆபரேட்டர் வேலைக்கு எடுக்கும்போது மேஸ்திரி கேட்கும் கேள்விகளும் அப்படித்தான் யார்டு யார்டாகப் பரவும்.

கிளினிக்கில் காத்திருக்கும் பெஞ்சுக்கும் சோதனை அறைக்கும் நடுவே இருந்தது ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் அந்த அக்கா உட்கார்ந்திருந்தார். ஒரே சொல்வரிசை திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டதைக் கேட்டார். கேள்வித்தாள் கையில் கிடைத்துவிட்டது என்று நினைத்தார்.

மறுபடி வர வேண்டிய நாளைச் சொல்ல நான் அவர்கள் தெருவுக்குப் போனபோது, குழாயடியில் குடங்கள் வரிசையாக நின்றன. புருஷன் ஒரு பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள்.

“யண்ணே, குடைக்கு அப்பால?”

“வாத்து.”

“வாத்துக்கு அப்பால?”

“சாவி. அப்பால கரும்பு. அப்பால ஏணி.”

“கெட்டிக்காரன்யா! ஏணிக்கு அப்பால?”

அவர் திணறினார். எதிர்த் திண்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஒருத்தி, “மெழுகுவத்தி, மெழுகுவத்தி! நேத்து ராவுல கரன்டு போனப்போ சொல்லிக் குடுத்தனே, மறந்துட்டியா?” என்று கத்தினாள். இட்லிக்கடைக்காரி, முழு வரிசையையும் தப்பில்லாமல் சொன்னால் வடை என்று பந்தயம் கட்டியிருந்தாள். தெருவே அந்த மனிதரைப் பாஸ் பண்ண வைக்கக் கச்சை கட்டிக்கொண்டு நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நிமிடம் பொறாமையாகவும் இருந்தது. எனக்காக எந்தத் தெருவும் இப்படி நின்றதில்லை.

டாக்டரம்மாவிடம் வந்து சொன்னேன். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

“தெரு முழுக்கவா?”

“வடை வேற மேடம்.”

“அவர் மூளைக்கு அது கெடுதல் இல்ல தம்பி. ஆனா எப்படியும் ரெண்டாந்தடவைக்கு வேற வரிசைதான் வாசிப்பேன். அதுதான் முறை. நீ போய் அதைச் சொல்லக் கூடாது.”

நான் சொல்லவில்லை. அது அவர் தொழிலின் கட்டுப்பாடு, நான் அவரிடம் சம்பளம் வாங்கினேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் வந்தார்கள். அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி. கூட நாலைந்து பேர் வந்து கீழே மண்டி வாசலில் நின்று தும்மிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா புது வரிசையை நிதானமாக வாசித்தார். ஜன்னல், தயிர், ஆணி, மேகம் என்று வேறு சொற்கள். முடித்துவிட்டு, “இப்போ சொல்லுங்க” என்றார்.

அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். “குடை, வாத்து, சாவி, கரும்பு, ஏணி, மெழுகுவத்தி...” ஒன்று விடாமல், வரிசை பிசகாமல் கடைசி வரை சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து “அக்காங்!” என்று மனைவி ஆமோதிக்கும் குரல் கேட்டது.

“ரொம்ப நல்லாச் சொன்னீங்க. அது போன தடவை வாசிச்சது. இப்போ வாசிச்சதைச் சொல்லுங்க.” மறுபடியும் புது வரிசையை வாசித்தார்.

“குடை, வாத்து, சாவி.”

நான் என் பங்குக்கு விளக்கிச் சொன்னேன். “அத்த உட்டுரு மாமு. இப்போ மேடம் சொன்னாங்க பாரு, புச்சா, அத்த சொல்லு.”

“புச்சு. ம்ம். புரீது.” தலையை ஆட்டினார். “குடை, வாத்து, சாவி, கரும்பு.”

மூன்றாம் தடவையும் அதுதான். கடைசித் தடவை, டாக்டரம்மாவுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தவர் போலக் குரலை உயர்த்திச் சொன்னார். கோபம் இல்லை. சரியாகச் சொல்லியும் இந்தப் பெண் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்ற ஆச்சரியம் மட்டும்தான் அந்த முகத்தில்.

தடுப்பின் வாசலில் தொங்கிய திரையைத் தள்ளிக்கொண்டு மனைவி உள்ளே வந்தார்.

“கேள்விய மாத்திட்டியேம்மா!”

“உக்காருங்கம்மா...”

“இன்னா குந்துறது? ஊரே சேந்து பட்சிகினு வந்தா, அத்த உட்டுட்டு வேற கேக்கற. இத்து எந்த ஊரு நாயம்? ஸ்கூல்ல கூட புக்ல கீறதத்தான் கேப்பாங்க.”

“இது படிச்சு எழுதுற பரீட்சை இல்லம்மா. சொல்லு சரியாங்கிறது எனக்குப் பெரிசு இல்ல. புதுசு வந்தா பழசை விட முடியுதாங்கிறதைத்தான் பாக்கேன். அவரால விட முடியல. நீங்களே கேட்டீங்களே.”

“யார்டுல புச்சு இன்னாம்மா வருது? மூட்டைய இங்கேர்ந்து தூக்கி அங்க வக்கணும். நேத்து வச்ச மாரிதான் இன்னிக்கும். அதுல எங்க வந்துச்சி ஜன்னலும் தயிரும்?”

அந்த நேரத்தில் புருஷன் மெதுவாக, யாரையும் பார்க்காமல், “கரும்பு, ஏணி” என்றார்.

சான்று கிடைக்கவில்லை. ஆனால் டாக்டரம்மா அதோடு விடவில்லை. அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டு, மண்டி வேனில் என்னையும் கூட்டிக்கொண்டு அந்த யார்டுக்கே போனார். மேஸ்திரி நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார்.

“ஒரே இடம், ஒரே வேலை, மாறாத வேலை எதாவது இருந்தா கொடுங்க. பலகை துடைக்கிறது, சாக்கு மடிக்கிறது. அதை அவர் நல்லாச் செய்வார். வண்டி மட்டும் வேண்டாம்” என்று கேட்டார்.

மேஸ்திரி மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், சாக்கு மடிக்க எனக்கு லோடுமேனே கீறான். வண்டி ஓட்டத்தான் ஆளு ஓணும். வச்சி சோறு போட இத்து இன்னா ஆசிரமமா?” பிறகு சிரித்துக்கொண்டே, “நீங்க சர்டிபிகேட்டு குடுக்காட்டி இன்னா, மெட்ராஸ்ல டாக்டருக்கா பஞ்சம்? நல்ல ஆபரேட்டர் மேடம் அவன். பழைய கூலிக்கே வரேன்றான்” என்றார்.

அடிபட்டவனைப் பழைய கூலிக்கே வைத்துக்கொண்டால் அடிபட்டதற்கு நஷ்ட ஈடு என்று அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். மேஸ்திரிகளுக்கு அந்த மாதிரி விஷயங்களில் மூளை எப்போதும் நன்றாக வேலை செய்யும்.

ஹைரோட்டில் ஒரு டாக்டர் இருந்தார். பெயர் கேட்கும் நேரத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பொங்கல் தாண்டுவதற்குள் நம்மவர் ஃபோர்க் வண்டியில் ஏறிவிட்டார். அந்தத் தெரு வழியாக நான் போனபோது குழாயடியில் அக்கா நின்றிருந்தார். “இன்னா நைனா, ஒங்க மேடம் பாஸ் போடலன்னா எங்களுக்கு வேற வழியே இல்லன்னு நென்ச்சியா?” என்றார். பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு நாள் சொல்ல மாத்தூர் போனேன். வழியில் அந்த யார்டு கேட்டில், என்னோடு லாஷிங் செய்த பழைய தோஸ்து ஒருவன் நின்றான். டீ குடிக்க உள்ளே கூப்பிட்டான். ஷெட்டில் நம்மவர் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கை அப்படி ஒரு கை. பலகைக்கு அடியில் இரும்பைச் சொருகுவதும் தூக்குவதும் பின்னால் வந்து திரும்புவதும் தண்ணீர் ஓடுகிற மாதிரி இருந்தது. லாரி நிறைந்தது. தார்ப்பாய் கட்டினார்கள். லாரி கிளம்பிப் போய்விட்டது.

இவர் போய் அடுத்த பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். லாரி நின்றிருந்த இடத்தில், அதே உயரத்துக்குத் தூக்கி, யோசித்து, கீழே இறக்கி வைத்தார். திரும்பிப் போனார். இன்னொன்று கொண்டுவந்தார். லோடுமேன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“மாமு! லாரி செங்குன்றமே தாண்டிக்கும்டா!”

“தெரியும்டா” என்று இவரும் சிரித்தார். அடுத்ததைக் கொண்டுவந்தார்.

லாரி போய்க் காலியான அந்த இடத்தில் ஷெட்டின் நிழல் விழுந்திருந்தது. சாப்பாட்டு நேரம். ஒரு லோடுமேன் தூக்குச்சட்டியோடு வந்து, வைத்திருந்த மூட்டைகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான். இவர் பலகையை உயர்த்திக்கொண்டு வந்தார். பலகை முகத்தை மறைத்தது. ஆள் இருப்பது தெரிந்ததா தெரியவில்லையா, எனக்குத் தெரியாது. மற்றவர்கள் கத்தினார்கள். “நிறுத்து, நிறுத்து!” கையைக் காட்டினார்கள். வண்டி நிற்கவில்லை. லோடுமேன் தூக்குச்சட்டியைப் போட்டுவிட்டு உருண்டான். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், குழம்புச் சோற்றின் மேல், பலகை பதமாக இறங்கியது.

அதற்கும் சிரித்தார்கள். “சோத்துக்கு மேல மூட்ட வக்கிறான் பாரு, பேமானி!” உருண்டவனும் தூசியைத் தட்டிக்கொண்டு சிரித்தான். அந்த வேலையில் அப்படித்தான். சாகவில்லை என்றால் அது ஜோக்.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் சொன்னேன். எந்தத் தயக்கமும் இல்லாமல் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் செய்வேன்.

அவர் வெகுநேரம் அட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார். “என்கிட்ட வந்தவங்களைப் பத்தி நான் வெளியே மூச்சு விடக் கூடாது தம்பி. அவங்க நம்பி வந்தாங்க. அந்த நம்பிக்கை போச்சுன்னா இந்தத் தொழிலே இல்ல.”

“ஆளு செத்தா மேடம்?”

“அதுக்குத்தான் யோசிக்கேன்.”

முதலில் அந்த அக்காவுக்குச் சொல்லி அனுப்பினார். அவர் வரவில்லை. டாக்டரம்மாவே அவர் வீட்டுக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். உள்ளே அக்கா பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொடுத்தது தெரிந்தது. டாக்டரம்மா யார்டில் நடந்ததைச் சொன்னார். நீங்களே அவரை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நான் கம்பெனிக்குச் சொல்ல வேண்டியிருக்கும் என்றார்.

“சொல்லேன்” என்றார் அக்கா. “சொல்லிப் பாரு. எம் புருசன் வேலைக்குப் போறாரு, நல்லா தூங்குறாரு, புள்ளைங்கள அடிக்கறதில்ல. வூட்ல குந்தியிருந்தப்போ பெல்ட்டால அடிச்சாரு. அத்த ஒங்கைல நான் சொல்லல. சொன்னா ஃபெயிலு போட்ருவன்னு சொல்லல. இப்போ சொல்றேன். வண்டிய புடுங்கினா அந்த பெல்ட்ட நீ வந்து வாங்கிப்பியா?”

டாக்டரம்மா வெளியே வரும்போது முகம் வெளிறியிருந்தது. மறுநாள் மேஸ்திரியை விட்டுவிட்டு நேராக யார்டு முதலாளி ஆபீசுக்கே போன் போட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். நோய் என்ன, சோதனையில் என்ன என்று ஒன்றும் சொல்லவில்லை. இன்னார் வண்டி ஓட்டினால் யாராவது சாவார்கள், இது என் தொழில்முறைக் கருத்து என்று மட்டும் சொன்னார்.

அவரை உடனே நிறுத்திவிட்டார்கள். மேஸ்திரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பொம்பளை பொய்ச் சான்று கொண்டுவந்து ஏமாற்றிவிட்டாள் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். கையெழுத்துப் போட்ட டாக்டர் போட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா வந்தார். மாடி ஏறவில்லை. மண்டி வாசலில் நின்று, மிளகாய் வாங்க வந்தவர்களும் எங்கள் பெஞ்சுக்கு ஏற வந்தவர்களும் கேட்கும்படி பேசினார். “இந்தம்மாகிட்ட போவாதீங்க! மருந்து குடுக்க மாட்டா. கேள்வி கேட்டு வேலைய புடுங்குவா. நம்பிப் போனவ நானு, எங்கதைய பாருங்க!” கையால் மண்ணை வாரித் தூற்றினார். மண்டி முதலாளி கல்லாவில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தத் தெருவிலிருந்து அப்புறம் யாரும் வரவில்லை. பிறகு பக்கத்துத் தெருக்களும் நின்றன. அடிபட்டவர்கள் குறைந்துவிடவில்லை. துறைமுகம் தினம் யாரையாவது அடித்துக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் ஹைரோட்டு டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு சில மாதம் உட்கார்ந்திருந்துவிட்டு அண்ணா நகருக்கு மாற்றிக்கொண்டு போனார். என்னையும் கூப்பிட்டார். போனேன். அங்கே மார்க்கு குறைந்த பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர்கள் வந்தார்கள். காரிலேயே உட்கார வைத்து, உள்ளே என்ன கேட்பார்கள் என்று சொல்லிக்கொடுத்துத்தான் மேலே அனுப்பினார்கள். அங்கே வாசலில் நின்று திட்ட யாரும் வரவில்லை. டாக்டரம்மா அங்கே நன்றாகத்தான் இருந்தார். எனக்குத்தான் அங்கே ஒட்டவில்லை. மொழிபெயர்க்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குழாய் வேலைக்கு ஒரு கான்ட்ராக்டில் சேர்ந்தேன். குழாய் உடைந்தால் அடைப்பது. முழங்கால் வரை சாம்பல் சேற்றில் நின்று செய்ய வேண்டும். ஒரு மத்தியானம் நெட்டுக்குப்பத்தில் தண்ணீர் கேட்டு ஒரு குடிசைப் பக்கம் போனேன். வாசலில் அந்த அக்கா உட்கார்ந்து வலையில் சிக்கிய குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாடகை கட்ட முடியாமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டார்களாம். கொஞ்சம் தள்ளி, மணலில் சாக்கு விரித்துக் காயப்போட்ட மீனுக்கு நடுவே அவர் குந்தியிருந்தார். ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரை போனதும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என்னை அடையாளம் தெரிந்துகொள்ள அக்காவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் முகமெல்லாம் சாம்பலாக இருந்தேன்.

“நீயா? டாக்டரம்மாவாண்ட இல்லியா?”

“இல்லக்கா. உட்டுட்டேன்.”

“ஒன்னையும் தொரத்திட்டாங்களா?” அதில் ஒரு திருப்தி இருந்தது.

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் கண்ணுக்குக் கீழே ஒரு பழைய காயத்தின் கறுப்பு.

“ஒன்னு கேக்கறேன், நெஜத்த சொல்லு. ஒன் தோஸ்து எவனோ அந்த யார்டுல கீறானாமே? இவரு வண்டி ஓட்டின வரைக்கும் அங்க யாருக்காச்சும் அடிகிடி பட்ச்சா?”

“இல்லக்கா. யாருக்கும் ஒன்னும் ஆவல.”

“யாரும் சாவல?”

“சாவல.”

“அப்போ இன்னாத்துக்குடா எங்கள தூக்கினாங்க?”

அந்த லோடுமேன் இன்னும் சோறு தின்றுகொண்டிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். அவன் யாரென்று அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் அவன் சோறு இவர் வீட்டு அடுப்பில் வேகாது. சொம்பைக் கவிழ்த்து வைத்தேன். அக்கா எழுந்து போய், காய்ந்து விறைத்திருந்த ஒரு மீனைப் புருஷன் கையிலிருந்து பிடுங்கி, “போதும்யா, காஞ்சிட்ச்சி, போதும்” என்றார். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த மீனை எடுத்துத் திருப்பினார்.